சில ஜென்மங்கள்

அன்புள்ள அக்கா,
எங்கள் புளோக்கில் சைக்கிள் திருடி ரெண்டு தடவை உள்ளே போனவன் மறுபடி பிடிபட்டிருக்கிறான். 2024இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்போல, அமைச்சர் சம்மதிக்கும்வரை வெளியே விடாத தண்டனையை இவர்களுக்கும் கொடுத்தால் என்ன? சில ஜென்மங்கள் திருந்தாது. எனக்குச் சின்ன லாரி கம்பெனி இருக்கிறது, ஆட்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன்.
யீஷூன் வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தச் சட்டம் மரணம் விளைவித்தவர்கள், பாலியல் வன்கொடுமை செய்தவர்கள் போன்றோருக்கு. குறைந்தது 5 முதல் 20 ஆண்டு, அப்புறமும் ஆபத்து என்றால் விடுதலை இல்லை. அதோடு எனக்குச் சண்டை இல்லை. சைக்கிள் திருடனை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். திரும்பத் திரும்பத் தப்பு செய்பவர்களை 5 முதல் 14 ஆண்டுவரை உள்ளே வைக்க இங்கே ஏற்கெனவே வழி இருக்கிறது.

ஆனால் 'சில ஜென்மங்கள்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் கோபம்.

அங் மோ கியோவில் எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகன் போதைப்பொருளால் நீண்டகாலச் சிறைக்குப் போனான். முதல் தடவை அப்படிப் போனாலே 5 முதல் 7 ஆண்டு, 3 முதல் 6 பிரம்படி. அடுத்த தடவை 7 முதல் 13 ஆண்டு, 6 முதல் 12 அடி. பெரியம்மா சந்திப்பு நாளுக்கு முதல் நாளே அடையாள அட்டையைச் சின்னப் பர்சில் எடுத்து வைத்துவிடுவார். மகனின் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அவன் வெளியே வந்தபோது அவர் இல்லை, மனைவி இல்லை, வீட்டை அண்ணன் விற்றிருந்தார். ஒரு கல்யாண விருந்தில் அவன் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலி அத்தை கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். சாப்பிடாமல் எழுந்து போனான். மறுபடி உள்ளே போனான்.

தண்டனையைக் கூட்டக் கூட்ட வெளியே காத்திருப்பவர்கள் குறைகிறார்கள், தம்பி. யாருமில்லாதவன் பழைய கூட்டாளியிடம்தானே போவான்? 2019இல் அரசாங்கமே சட்டத்தைத் திருத்தி, வேறு குற்றம் செய்யாமல் போதைப்பொருள் மட்டும் பயன்படுத்தியவரை மூன்றாம் முறையானாலும் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்ப வழி செய்தது. அதிகாரிகளுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாதா?

லாரி கம்பெனி வைத்திருக்கிறீர்கள், நல்லது. மஞ்சள் ரிப்பன் அமைப்பு விடுதலையாகிறவர்களுக்கு வேலை தேடித் தருகிறது. அவர்களிடம் பேசி ஒருவரை எடுங்கள். ஒரு வருஷம் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், கண்டிப்பாகப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அக்கா