பயனீட்டாளர் கேள்வி-பதில்: 480 வெள்ளி ஏர் பில்டரில் கூடியது சத்தம்தான்

கேள்வி: என் மகன் மைவி காடிக்கு 480 வெள்ளி கொடுத்து 'ஓப்பன் பாட்' (பெட்டியில்லாத, கூம்பு மாதிரியான) ஏர் பில்டர் போட்டிருக்கிறான். 12 குதிரைத் திறன் கூடும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. காடி பறக்கிறது என்கிறான். நான் ஓட்டிப் பார்த்தேன், சத்தம்தான் கூடியிருக்கிறது. யார் சொல்வது சரி?
(செகாம்புட் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. உங்கள் மகனும் பொய் சொல்லவில்லை, அவன் காது அவனை நம்ப வைக்கிறது. இதை விரிவாகவே சொல்கிறேன். பல வருடமாக எனக்கு ஆறாத விஷயம் இது.

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை முடிவு செய்வது த்ராட்டில் என்ற தகடு. நீங்கள் மிதிக்கும் அளவுக்குத்தான் அது திறக்கும். ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்தாலும் சரி, நெடுஞ்சாலையில் 90-ல் சீராகப் போனாலும் சரி, அது கொஞ்சம்தான் திறந்திருக்கும். அப்போது காற்றை மறிப்பது அந்தத் தகடு, பில்டர் இல்லை. வீட்டு வாசல் கதவைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்துவிட்டு வெளி கேட்டை அகலப்படுத்தினால் உள்ளே கூடுதலாக யார் நுழைய முடியும்? தரையோடு மிதித்து, எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றும்போதுதான் பில்டரின் தடை கணக்குக்கு வரும். அதையும் யோசித்துத்தான் ஒரிஜினல் காகித பில்டரின் அளவை வைத்திருக்கிறார்கள். வேறு எதையும் மாற்றாத சாதாரண எஞ்சினில், பில்டரை மட்டும் மாற்றிக் கிடைக்கும் லாபம் காலுக்கே தெரியாது.

ஓப்பன் பாட்டில் இன்னொரு கேடும் உண்டு. ஒரிஜினல் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும். இந்தக் கூம்பு, பானெட்டுக்குள் எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை இழுக்கும். வெளியே 32 பாகை, உள்ளே 60 பாகை என்று வையுங்கள்: காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறையும். ஆக்ஸிஜன் குறைந்தால் சக்தியும் குறையும். நெரிசலில் நின்று நின்று போகும் நம் ஊர் ஓட்டத்தில் உள்ளே சூடு ஏறிவிடும், பிறகு தரையோடு மிதித்தால் இந்த நஷ்டம்தான் மிஞ்சும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது? காற்று இழுபடும் இரைச்சலை அடக்குவதற்காகக் கார் செய்தவர்கள் வைத்த பெட்டியைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

1999-ல் என் விரா காருக்கு 260 வெள்ளி கொடுத்து இதையேதான் வாங்கினேன். அன்றைய என் சம்பளத்தில் அது பெரிய தொகை. மாதம் இருமுறை காராக் மேடு ஏறிப் பெந்தோங் போவேன். கூம்பு போட்ட பிறகும் அதே மேட்டில், அதே வளைவில்தான் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் பழைய பெட்டியை மாட்டினேன். அப்போதும் அதே வளைவு, அதே கியர். பத்துக் குதிரை கூடும் என்று சொல்லி விற்றவரிடம், அளந்து காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். ஒரே கார், ஒரே நாள், பில்டர் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) ஓட்டி எடுத்த தாள் வேண்டும். பழைய பெட்டியை மகன் தூக்கிப் போடவில்லை என்றால் இந்த வாரமே திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பில்டர் அழுக்காக இருக்கிறது, மாற்றினால் பெட்ரோல் எண்ணெய் மிச்சமாகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். மாற்றினேன். இரண்டு மாதமாகக் கணக்கு எழுதுகிறேன், ஒரு காசு மிச்சமில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
(பிறை வாசகி)

பதில்: பில்டர் அழுக்காக இருந்திருந்தால் மாற்றியது சரி, சொன்ன காரணம்தான் தவறு. இன்றைய பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப எண்ணெய்யைக் கணினியே அளந்து கொடுக்கிறது. காற்று குறைந்தால் எண்ணெய்யும் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் இதைச் சோதித்தது. பில்டர் அடைத்துக்கொண்டாலும் இப்படிப்பட்ட கார்களில் எண்ணெய்ச் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. கார் வேகமெடுப்பதுதான் மந்தமானது. கணினி இல்லாமல் கார்புரேட்டரே காற்றையும் எண்ணெய்யையும் கலந்து கொடுக்கும் பழைய காருக்கு அந்த ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது பொருந்தும். எண்ணெய் மிச்சம் வேண்டுமானால் டயர் காற்றைப் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். கணக்கு எழுதுவதை விட்டுவிடாதீர்கள், இப்படி எழுதி வைத்துக் கேட்பவர்கள் குறைவு.

கேள்வி: காற்றுக் குழாய்க்குள் செருகும் சின்ன விசிறி, 30 விழுக்காடு எண்ணெய் மிச்சம் என்று ஷோப்பியில் 39 வெள்ளி. வாங்கலாமா?
(பூச்சோங் வாசகர்)

பதில்: வேண்டாம். எண்ணெய் மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தோ சோதித்தோ பார்த்திருக்கிறது. குறிப்பிடும்படி மிச்சம் கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

கேள்வி: கழுவிக் கழுவிப் போடும் பருத்தி பில்டர் 350 வெள்ளிக்கு வாங்கினேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி, கம்ப்ரெசரில் ஊதி, பில்டருக்கான எண்ணெய்யை நிறைய ஊற்றி மாட்டினேன். ஒரு வாரத்தில் எஞ்சின் விளக்கு எரிகிறது. கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்கிறார். ரசீது வாங்கவில்லை.
(ஷா ஆலாம் வாசகர்)

பதில்: தம்பி, இதில் கடைக்காரர் மேல் என்ன குற்றம்? இந்த பில்டருடன் வரும் தாளில் எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு எண்ணெய் விட வேண்டும் என்று இருக்கும். நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. கம்ப்ரெசர் காற்று பருத்தி இழையைப் பிய்த்துவிடும், பிறகு தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். கூடுதலாக ஊற்றிய எண்ணெய் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்தால் விளக்கு எரியத்தான் செய்யும். முதலில் அந்த சென்சாரை அதற்குரிய திரவத்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், புதிதாக வாங்க ஓடாதீர்கள். ஒரிஜினல் காகித பில்டரை மாட்டுங்கள். 350 வெள்ளிக்கு ரசீது வாங்காததற்கு நான் என்ன சொல்ல?

கேள்வி: புகைமூட்டக் காலத்தில் காருக்குள் மூச்சு முட்டுகிறது. நல்ல ஏர் பில்டர் எது?
(கிள்ளான் வாசகி)

பதில்: நீங்கள் கேட்பது ஏர்கோன் பில்டர், மேலே சொன்ன எஞ்சின் பில்டர் வேறு. பெரும்பாலான கார்களில் முன்சீட்டுக்கு எதிரே உள்ள டிராயருக்குப் பின்னால் இருக்கும்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தாதி. சாகா காருக்குக் கறுப்பெண்ணெய் மாற்றப் போனேன். என்னைக் கேட்காமலேயே 'ஹை ஃப்ளோ' (காற்று கூடுதலாகப் போகுமாம்) பில்டர் போட்டு 390 வெள்ளி சேர்த்துவிட்டார்கள். 15 விழுக்காடு எண்ணெய் மிச்சம் என்று பில்லிலேயே எழுதியிருக்கிறார்கள். மிச்சம் எதுவும் இல்லை. பழைய பில்டரையும் தரவில்லை. திரும்பப் போனால், விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்ற பலகையைக் காட்டுகிறார்கள்.
(ஜெலுத்தோங், பினாங்கு)

பதில்: அம்மா, படித்ததும் கோபம் வந்தது. தனியாக வரும் வயதான பெண்களிடம்தான் இதைச் செய்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒரு பலகை பறிக்க முடியாது. விற்பவர் இன்ன பயனுக்கு ஏற்றது என்று சொல்லிக் கொடுத்த பொருள் அந்தப் பயனைத் தர வேண்டும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. இங்கே அவர்களே கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த பில்லை இன்றே நகல் எடுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முதலில் 14 நாள் தவணை கொடுத்து, பணத்தைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 'திரிபுனால்' என்று நாம் சொல்லும் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போய்க் கேளுங்கள், ஜெலுத்தோங்கிலிருந்து தூரமில்லை. அந்த பில்டர் காரிலேயே இருக்கட்டும், படம் எடுத்து வையுங்கள். விசாரணைத் தேதி கிடைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.