ஒரே கல்லா உள்ள மளிகை மண்டிக்கு இணையவழி மென்பொருளா, கணினியில் நிறுவுவதா?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் மொத்த மளிகை, ஒரே கல்லா, பின்கட்டிலேயே கிடங்கு, சித்தூருக்கும் சரக்கு போகிறது. பில்லுக்கும் கணக்குக்கும் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கணினியில் நிறுவும் மென்பொருளையே வாங்குங்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

காலையில் சில்லறைக் கடைக்காரர்கள் சீட்டோடு நிற்பார்கள், வெளியே லோடு ஆட்டோ காத்திருக்கும். அந்த நேரத்தில் இணையம் போனால் பில் துண்டுச்சீட்டுக்குப் போய்விடும். மாலையில் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்றும்போது 50 கிலோ பருப்பு மூட்டை 30 கிலோ ஆகிவிடும்; இருப்பு உதைக்கும். நிறுவிய மென்பொருளில் பில் போட இணையம் வேண்டாம்; கரண்ட் போனாலும் ஒரு யு.பி.எஸ். இருந்தால் ஓடும்.

அதற்காக இணையமே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. 2017-18 முதல் ஏதேனும் ஓர் ஆண்டில் விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், ஜி.எஸ்.டி. பதிவுள்ளவர்களுக்கு விற்கும் வரியுள்ள சரக்குக்கு இ-இன்வாய்ஸ் (அரசின் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கும் பில்) எடுத்தாக வேண்டும். சரக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய் வரை தேவையில்லை. சித்தூர் ஆந்திராவில் இருப்பதால், அங்கே போகும் சரக்குக்கு வரம்பு 50,000 ரூபாய்தான்.

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) வெளியே தைக்கக் கொடுப்பவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. வெட்டிய தோல் பேர்ணாம்பட்டில் ஒரு யூனிட்டுக்கும் வாணியம்பாடியில் இன்னொன்றுக்கும் டெலிவரி சலானோடு (விற்காமல் அனுப்பும் சரக்குக்கான சீட்டு) போகும். ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றே விற்றதாக வைத்து வரி கேட்பார்கள். எந்தச் சலான் நிலுவை என்பதைக் கிடங்கு, அலுவலகம், ஆடிட்டர் மூவரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அங்கே இணையவழிதான் சரி. வண்டி கிளம்பும்போதே செல்போனில் பதிந்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் என் கவலையெல்லாம் பேக்கப் பற்றித்தான். அதே கணினியின் டி டிரைவில் நகல் வைப்பது பேக்கப் ஆகாது; ஹார்ட் டிஸ்க் போனால் இரண்டும் போய்விடும். தனியாக இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வீட்டில் வையுங்கள். கடை சாத்தும்போது நகல் எடுத்ததும் வயரைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் கணினியைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை வேறு கணினியில் அந்த நகலைத் திறந்து, கடைசிப் பில் எண் வரை வருகிறதா என்று பாருங்கள். கல்லாவில் பழைய விண்டோஸ் 10 கணினி இருந்தால், அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜி.எஸ்.டி. கணக்குகளை, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே எந்த வகையை வாங்கினாலும், பணம் கட்டுவதை நிறுத்திய பிறகு பழைய பில்களைத் திறக்க முடியுமா என்று கேளுங்கள். முழுக் கணக்கையும் எக்செல்லில் எடுத்துக் காட்டச் சொல்லி, அதைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.