மைக்ரோமீட்டரும் நுமாதாவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருக்கிறேன். மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவி செய்யும் ஜப்பான் கம்பெனி மிட்டுடோயோவை நிறுவிய எஹான் நுமாதா பௌத்தத்தைப் பரப்பப் பணம் வேண்டும் என்றுதான் அதைத் தொடங்கினாராம். படித்ததும் ஏமாற்றமாக இருந்தது. மைக்ரோமீட்டர் அவருக்கு வெறும் உண்டியல்தானா? எனக்கும் எழுத்துதான் உயிர், லேத் வயிற்றுப்பாட்டுக்கு. நிற்கிறேன், மனசு அங்கே இல்லை. வேலையை விட்டுவிடலாமா? பிறகு, இந்த விலைக்கு ஜப்பான் கருவிதான் வேண்டுமா, சீனக் கருவி போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கொஞ்ச நாளாக நானும் நுமாதாவையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சீனக் கருவியைப் பற்றி உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். ஆனால் 'வெறும் உண்டியல்' என்று எழுதினீர்களே, அதை விட மாட்டேன்.

ஹிரோஷிமாப் பக்கத்தில் ஒரு பௌத்தக் கோயில் குருவின் மகன் அவர். இளம் வயதில் அமெரிக்கா போய், காசநோயில் விழுந்து எழுந்து, பெர்க்லியில் படித்து, 1925இல் பௌத்தத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகை தொடங்கி, பணமில்லாமல் நிறுத்தியவர். இனி நாமே சம்பாதிப்போம் என்று 1934இல் டோக்கியோவில் கம்பெனி ஆரம்பித்தார். சரி, பணம் மட்டும்தான் குறி என்றால் அரிசி விற்றிருக்கலாமே தம்பி? பிரான்சில் பால்மர் 1848இல் காப்புரிமை வாங்கி, 1867இல் பாரீஸ் கண்காட்சியில் அதைப் பார்த்த பிரவுனும் ஷார்ப்பும் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஒரு கருவியை அல்லவா எடுத்தார்! ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும் திருகுப் புரி, அதைத் திருப்புகிற உருளையான திம்பிளில் 50 கோடு, ஒரு கோட்டுக்கு 0.01 மில்லிமீட்டர். புரியில் பிசகினால் காட்டுகிற அளவெல்லாம் பொய். அவசரமாகக் காசு பார்க்க நினைக்கிறவன் அந்தப் பக்கமே போக மாட்டான்.

என் தாய்மாமா டர்னர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாக பஸ் ஏறி கோயமுத்தூர்ப் பட்டறைக்குப் போய், ராத்திரி ஆயில் வாசனையோடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவார்: முதலில் பீஸைப் பிடிக்கிற இரண்டு முகத்துக்கும் நடுவில் வெள்ளைத் தாளை லேசாகப் பிடித்து இழுத்துத் துடை, அப்புறம் ஜீரோ பார், திம்பிளை விரலால் முறுக்காதே, கடைசியில் இருக்கிற ராட்செட் குமிழைத் திருப்பு, அது டிக் டிக் என்று வழுக்கட்டும், அதற்குப் பிறகு படி. நான் ஆசையில் முறுக்கிவிடுவேன், மண்டையில் ஒரு குட்டு விழும். "இறுக்கினா பீஸ் சின்னதாயிடுமாடா? கணக்குதான் பொய்யாவும்." எல்லாக் கைக்கும் ஒரே அழுத்தம் கிடைக்கத்தான் ராட்செட் இருக்கிறது. வேலை முடிந்தால் முகங்கள் ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெட்டியில் வைப்பார், வெயில் படும் ஜன்னலில் ஒருநாளும் வைத்ததில்லை. அவர் பௌத்தரும் இல்லை, பெரிய பக்திமானும் இல்லை.

நீங்களோ லேத் முன்னால் நின்றுகொண்டு மனசு அங்கே இல்லை என்று பெருமையாக எழுதுகிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் கடைந்த ஷாப்டில் பேரிங் ஏற்றப்போகிறவனுக்கு உங்கள் கவிதையா உதவும்? நுமாதா 1965இல் பௌத்தப் பரப்புக்கென்று தனி அமைப்பே தொடங்கினார், அவர்கள் அச்சிட்ட நூல் பல மொழிகளில் ஹோட்டல் அறைகள்வரை போயிருக்கிறது. அந்த மைக்ரோமீட்டர் பொய் சொல்லியிருந்தால் எவன் வாங்கியிருப்பான், எந்தப் பணத்தில் அச்சடித்திருப்பார்? வேறொன்றுக்காகச் செய்தார் என்பதால் அவர் அதை அரைமனதாகச் செய்யவில்லை, அவ்வளவு பெரிய காரியத்தைத் தூக்க வேண்டியிருந்ததால் கருவி இன்னும் சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது.

வேலையை விடுவதா என்றீர்கள். வேண்டாம். உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன். ஷிப்டில் முதல் பீஸை அளந்து பார்க்கிற அந்தச் சில நிமிஷத்தை மட்டும் இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.