சுவரில் இருக்கும் இலக்கும் லைனில் நிற்கும் ஆளும்: கேள்வி பதில்

ஒரகடம் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஹெச்.ஆர். பொறுப்பில் இருக்கிறேன். டைம் ஆபீஸில் வருகைப் பதிவேடு பார்த்துத் தொடங்கி 21 வருஷம் ஆகிறது. ஊழியரின் வளர்ச்சியைக் கம்பெனி போகிற திசையோடு எப்படிச் சேர்ப்பது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (ஹெச்.ஆர். மேனேஜர், ஓசூர்): "2030-க்குள் மின்வாகன பாகங்களில் முதலிடம்" என்று எங்கள் எம்.டி. வரவேற்பறையில் எழுதி மாட்டிவிட்டார். எஞ்சின் பாகம் செய்கிற 340 பேரை வைத்துக்கொண்டு நான் எங்கே தொடங்குவது சார்?

பதில்: அந்த வாசகத்தில் ஒரு வேலையின் பெயரும் இல்லை, அங்கேதான் தொடங்க வேண்டும். எம்.டி.யையும் பிளான்ட் ஹெட்டையும் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, எந்த லைன் எந்த வருஷம் குறையும், புதிதாக எது வரும், அங்கே நிற்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பேட்டரியில் ஓடுகிற வண்டிக்குப் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, சைலன்சர் கிடையாது. மோட்டார், பேட்டரி பேக், அவற்றின் அலுமினிய உறைகள், உயர் மின்னழுத்தத்தில் பாதுகாப்பாக வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் வேண்டும். இது தெளிவானதும் லைன் ஓரம் தொங்குகிற ஸ்கில் மேட்ரிக்ஸை எடுங்கள். பல இடங்களில் அது ஆடிட்டுக்கு முந்தைய நாள்தான் நிரப்பப்படுகிறது, எனக்கு அதில் ரொம்ப வருத்தம், ஏனென்றால் யாருக்கு என்ன தெரியும் என்று பெயர் போட்டுச் சொல்கிற தாள் கம்பெனியில் அது ஒன்றுதான். இன்னும் வராத வேலைகளுக்கும் அதில் ஒரு நெடுவரிசை போடுங்கள். மைக்ரான் கணக்கில் எஞ்சின் பாகம் கடைகிற சி.என்.சி. (கணினி வழி ஓடும் மிஷின்) ஆபரேட்டர் மோட்டார் உறைக்கு மாறுவது அவ்வளவு கஷ்டமில்லை. ஒரே மிஷினில் இருபது வருஷம் நின்றவருக்குக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் லைன் இத்தனை வருஷம் ஓடும், அதற்குள் இதைக் கற்றுக்கொண்டால் அங்கே இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். இடம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். மறைத்தால் கேன்டீனில் எப்படியும் தெரிந்துவிடும், அதன் பிறகு நீங்கள் நடத்துகிற எந்த ட்ரெய்னிங்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி (குவாலிட்டி இன்ஜினியர், ஸ்ரீபெரும்புதூர்): மேலேயிருந்து இலக்கு வருகிறது, நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். இதில் எங்கள் வளர்ச்சி எங்கே வருகிறது?

பதில்: ஜப்பானின் தர இயக்கத்தில் 1960-களில் உருவான ஹோஷின் கன்ரி (கம்பெனி இலக்கை மேலும் கீழும் பேசிப் பிரித்துக்கொள்வது) முறையில் இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. நம் பக்கத்து ஆலைகளுக்கும் அந்தத் தர இயக்கம் புதிதில்லை, சுந்தரம் கிளேட்டனின் ப்ரேக் பிரிவு 1998-லும் டிவிஎஸ் மோட்டார் 2002-லும் ஜப்பான் தரத்துக்குக் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியிருக்கின்றன. ஹோஷினில் இலக்கைப் பந்து மாதிரி கீழே வீசுவார்கள், கீழே இருப்பவர் அதைத் திருப்பி வீச வேண்டும்: "ரிஜெக்‌ஷனைப் பாதியாக்குகிறேன், அதற்கு எனக்கு இந்த அளவீட்டுக் கருவியில் பயிற்சி வேண்டும், என் ஷிப்டில் இரண்டு பேரை விடுவிக்க வேண்டும்." உங்கள் வளர்ச்சித் திட்டம் பிறப்பது அந்தத் திருப்பி வீச்சில்தான். பல கம்பெனிகள் படிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன. அடுத்த முறை கையெழுத்துப் போடுமுன் உங்களுக்கு வேண்டியதை அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி (சாப்ட்வேர் ஊழியர், சோழிங்கநல்லூர்): வருஷத்துக்கு ஒரு அப்ரைசல். அதில் வளர்ச்சி பற்றிக் கடைசி ஐந்து நிமிஷம். இது போதுமா?

பதில்: போதாது. இன்க்ரிமென்ட் பேசுகிற அறையில் யாரும் "எனக்கு இது வரவில்லை" என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பணப் பேச்சு வேறு நாள், கற்கும் பேச்சு வேறு நாள் என்று பிரித்துவிட வேண்டும். அடோபி 2012-ல் வருடாந்தர மதிப்பீட்டையே கைவிட்டது, மைக்ரோசாப்ட் 2013-ல் ஊழியரை வரிசைப்படுத்தும் முறையை நிறுத்தியது. உங்கள் கம்பெனி மாறும் வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் மேனேஜரிடம் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சிறு தொழிற்கூட உரிமையாளர், கோவை): பயிற்சி கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பாண்ட் போடலாமா?

பதில்: போடலாம். விஜயா பேங்க் வழக்கில், 3 வருஷம் முடியுமுன் விலகினால் 2 லட்ச ரூபாய் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. ஆனால் தொகை நியாயமாக இருக்க வேண்டும், விலகியவர் வேறு எங்கும் வேலைக்குச் சேரக் கூடாது என்றெல்லாம் எழுத முடியாது. ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து செய்யாதீர்கள், அது ஒரு பிள்ளையின் வாழ்க்கை.

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆறு பேரை பி.எல்.சி. (மிஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பயிற்சிக்கு அனுப்பினேன். திரும்பி வந்ததும் ஆர்டர் நெருக்கடி என்று பழைய லைனிலேயே நிறுத்தினோம், ஒரு வருஷத்துக்குள் நான்கு பேர் போய்விட்டார்கள். தவறு என்னுடையது. திரும்பி வருகிற நாளில் எந்த மிஷினைத் தரப்போகிறோம் என்று முடிவாகாமல் இப்போது யாரையும் நான் பயிற்சிக்கு அனுப்புவதில்லை.

கேள்வி (அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமின் பொறுப்பாளர், அம்பத்தூர்): எங்கள் சிறந்த டூல் மேக்கரை சூப்பர்வைசர் ஆக்கினோம். அவருக்கும் பிடிக்கவில்லை, டூல் வேலையும் கெட்டது.

பதில்: அவரிடமே கேட்டு, சம்பளமும் மரியாதையும் குறையாமல் திரும்ப டூல் ரூமுக்கு அனுப்புங்கள். ஆள் மேய்ப்பது மட்டும்தான் ப்ரமோஷன் என்றால் நல்ல கைகளை எல்லாம் இழப்போம். மாஸ்டர் டூல் மேக்கர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, சூப்பர்வைசருக்கு இணையான கிரேடு கொடுங்கள், இரண்டு இளைஞர்களை அவர் கீழ் விடுங்கள்.

கேள்வி (ஒப்பந்தத் தொழிலாளி, மறைமலைநகர்): 4 வருஷமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன் அண்ணா. இந்தப் பேச்சில் எனக்கு ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்க வேண்டும் தம்பி. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரெண்டிஸ் எடுக்க வேண்டும் என்கிற விதியில், அந்த மொத்தத்தில் உங்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார்கள். சட்டத்தின் கணக்கில் இருக்கிற ஆள் வளர்ச்சியின் கணக்கில் மட்டும் இல்லாமல் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உங்கள் லைனின் ஸ்கில் மேட்ரிக்ஸில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நாளைக்குப் பாருங்கள். இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் சேர்க்கச் சொல்லுங்கள், எந்தெந்த மிஷின் தனியாக ஓட்டினீர்கள் என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இங்கே நிரந்தரம் ஆனாலும் சரி, வேறு இடத்தில் நேர்முகத்துக்குப் போனாலும் சரி, அந்த நோட்டை எடுத்துப் போங்கள்.