சாண்டியாகோ – பியூனஸ் அயர்ஸ்: போக 3 மணி, வர 1 மணியா?

சிலியின் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸுக்கு எடுத்த ஜூலை விமான டிக்கெட்டில் போக மூன்று மணி நேரம், திரும்ப ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கு வருவதாகக் கேட்டிருந்தீர்கள். டிக்கெட் சரிதான். அதில் இருப்பது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை சிலி அர்ஜென்டினாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும்; மற்ற மாதங்களில் (அங்கே அதுதான் கோடை) இரண்டு நாட்டு நேரமும் ஒன்றே. நேர்கோட்டில் சுமார் 1,140 கி.மீ.; உண்மையான பயணம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேற்குக் காற்று எதிர்ப்பதால் திரும்பும்போது கொஞ்சம் கூடும்.

பேருந்து யோசனையை விட்டுவிடுங்கள். ஜூலை அங்கே குளிர்காலம்; இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள ஆண்டிஸ் மலையின் கணவாய்ச் சாலை அப்போது பனியால் அடிக்கடி மூடப்படும். அப்புறம், போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் 6,961 மீட்டர் உயர அகோன்காகுவா சிகரம் தெரியும். பியூனஸ் அயர்ஸில் இறங்குவது ஊருக்கு வெளியே உள்ள எசெய்சா விமான நிலையமா, ஊருக்குள்ளேயே இருக்கும் ஏரோபார்க்கே விமான நிலையமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.