எனக்கு இடங்கள் தெரியும், முகங்கள் தெரியாது

கதை படிக்கும்போது காட்சிகளும் கதைமாந்தர்களும் மனத்தில் படமாக வருகிறார்களா, எனக்கு எதுவுமே வருவதில்லையே, இது குறையா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், எனக்கு இடங்கள் வரும், முகங்கள் வராது. வருகிற இடங்களும் கதாசிரியர் எழுதிய இடங்கள் அல்ல. எல்லாமே ஒரே ரப்பர் தோட்டம்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில். 2007இல் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள்; எங்கள் வீட்டில் யாரும் இன்னும் மாற்றவில்லை. தமிழ்நாட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தமிழ்நாட்டுக் கதைகளை நிறையப் படித்துவிட்டேன். தஞ்சாவூர் எப்படி இருக்கும், திருநெல்வேலி எப்படி இருக்கும் என்று மனம் யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கைவசம் இருந்ததை வைத்து ஊரைக் கட்டிக்கொண்டது.

கதையில் தெரு என்று வந்தால் எதிரெதிரே நிற்கும் இரண்டு லயங்களும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், நடுவில் பொதுக் குழாயும்தான். கோவில் என்றால் லயத்துக் கோடியில் இருந்த மாரியம்மன் கோவில்; ராஜகோபுரம் என்று ஆசிரியர் எழுதியிருந்தாலும் எனக்குத் தகரக் கூரைதான். ஜமீன்தார் மாளிகை எப்போதும் மேட்டில் இருந்த துரை பங்களா. ஜமீன் நொடித்துப் போய்ச் சுவரில் ஆலஞ்செடி முளைத்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதட்டும், வாசலில் புல் ஒரே மட்டமாக வெட்டியிருக்கும். கணக்குப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், அக்கிரகாரத்துப் பெரியவர் எல்லாரும் தோட்டத்து எழுத்தர்களான கிராணிமார் வீட்டு வரிசையில் குடியிருப்பார்கள். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய் யாராக இருந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், விட்டுப் போவது தோட்டத்துக் குழந்தைகளை ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில்.

யாரை எங்கே குடிவைப்பது என்று நான் யோசித்ததே இல்லை. பெயரும் தொழிலும் தெரிந்ததும் மனமே ஆளைக் கொண்டுபோய் அவரவர் வீட்டில் இறக்கிவிடும். யார் மேட்டில், யார் பள்ளத்தில் என்று வெள்ளைக்காரத் துரைமார் போட்டுவைத்த வரிசை நான் படித்த அத்தனை நாவல்களுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான். அந்தத் தோட்டத்தில் லயங்களை இடித்துச் செம்பனை நட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது, என் நாவல்களில் இன்னும் யாரும் குடிபெயரவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். காவிரி, பொருநை, வைகை எல்லாம் எனக்குச் சிலாங்கூர் ஆறு, பழுப்பாக. எங்கள் பக்கம் ஈயம் தோண்டிவிட்டுப் போன பெரிய குளங்கள் ஏராளம். சிறுவயதில் படித்த கடல்கள் எல்லாம் அந்தக் குளங்கள்தாம். எத்தனை புயல் வந்தாலும் அலை மட்டும் எழாது.

சில நேரம் கண்ணைவிடக் காது முந்திக்கொள்ளும். குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காதலர் இருவர் நடந்து போகும் பாலை வழியில் வாகை மரத்தின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் ஒலிக்கும்; கயிற்றின் மேல் ஆடும் கூத்தருக்குக் கொட்டும் பறைபோல என்கிறார் புலவர். நான் வாகை நெற்றைப் பார்த்ததில்லை, கழைக்கூத்தையும் பார்த்ததில்லை. ஆனால் வெயில் ஏறியதும் ரப்பர் காய்கள் படீர் படீரென்று வெடித்துக் கொட்டை சிதறுவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆகையால் அந்த இருவரும் எனக்கு ரப்பர் நிரைகளுக்கு நடுவே, மரத்தில் பால் வடியும் மங்கு தொங்க, வெடிச் சத்தத்தில் நடந்து போகிறார்கள். இதைத் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். திணை மயக்கம், ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் வந்து கலப்பது, என்று சிரித்தார். என் மகள் படிக்கும் கதைகளிலோ எல்லாரும் தாமான் எனும் புறநகர்க் குடியிருப்பு வீட்டில், அதுவும் மூலை வீட்டில் இருக்கிறார்கள். அதற்குத் திணையே கிடையாது.

முகத்துக்கு வருகிறேன். கதாநாயகியின் மூக்கு எப்படி, கண் எப்படி என்று வருணனை எவ்வளவு நீண்டாலும் எனக்கு ஒரு முகம் கூடுவதில்லை. உயரம் தெரியும், நடை தெரியும், குரல் கேட்கும். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு வார இதழ்கள் தாமதமாக வந்து, தோட்டத்தில் வீடு வீடாகக் கைமாறும். அவற்றில் கோபுலுவோ மாருதியோ ஜெயராஜோ வரைந்திருந்தால் எனக்கு அன்று முகம் இலவசம். தொடர் புத்தகமாகி, படங்கள் இல்லாமல் கைக்கு வந்தால் பழையபடி முகம் போய்விடும். திரைப்படமாக எடுத்துவிட்டால் நடிகரின் முகம் வந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. அதை நான் விரும்புவதில்லை.

இனி உங்கள் விஷயம். என் அண்ணனுக்கும் உங்களைப் போல ஒன்றுமே வராது. கண்ணை மூடி அம்மாவை நினைத்துப் பாருங்கள் என்றால், நினைக்கிறேன், இருட்டாகத்தான் இருக்கிறது என்பார். 'காட்சி கண்முன் விரிந்தது' என்று எழுதுவதெல்லாம் ஒரு பேச்சுக்கு என்றே ஓய்வு பெறும்வரை நம்பியிருந்தார். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1880இலேயே ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன், அன்று காலை உணவருந்திய மேசையை நினைத்துப் பார்த்து அது எவ்வளவு தெளிவாக, என்ன நிறத்தில் தெரிகிறது என்று பலரிடம் கேட்டார். அறிவியலாளர்களான அவருடைய நண்பர்கள் பலர், அப்படி ஒன்று உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள். 1973இல் உளவியலாளர் டேவிட் மார்க்ஸ் இதை அளக்க 16 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார். 2015இல் எக்சிட்டர் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர் ஆதம் சீமனும் அவருடைய குழுவினரும் மனப்படமே இல்லாத நிலைக்கு அஃபாண்டேசியா என்று பெயரிட்டார்கள். அது நோயல்ல. நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இருக்கலாம் என்பது இப்போதைய மதிப்பீடு. நேரில் பார்ப்பதுபோலவே தெரியும் மறுகோடி ஆட்களும் உண்டு. நானெல்லாம் நடுவில் எங்கேயோ.

வாசிப்பைப் பொறுத்தவரை வேறுபாடு இல்லவே இல்லை என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். சிட்னியில் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இருட்டறையில் உட்காரவைத்துத் திகில் கதைகளைப் படிக்கக் கொடுத்துத் தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தார்கள். மனப்படம் வருகிறவர்களுக்கு அளவு ஏறிக்கொண்டே போனது. வராதவர்களுக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. அதே பயத்தைப் படமாகக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஏறியது. அண்ணன் பேய்க்கதையை நள்ளிரவில் படித்துவிட்டு அடுத்த நிமிடம் குறட்டை விடுவது எப்படி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் அவர் என்னைவிட அதிகம் படிப்பவர், என்னைவிட நன்றாக நினைவு வைத்திருப்பவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், அறைகளின் படங்களைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். மனப்படம் வராதவர்கள் குறைவான பொருள்களையே வரைந்தார்கள், நிறமும் குறைவு. ஆனால் எது எங்கே இருந்தது என்பதில் பிசகவில்லை, இல்லாததைச் சேர்த்து வரைவதும் அவர்களிடம் குறைவு. அண்ணன் அப்படியே. துப்பறியும் கதை ஒன்றைப் பற்றிப் பேசும்போது, கொலையாளி பின்பக்கக் கிணற்றைத் தாண்டி ஓடினான் என்று நான் சொன்னேன். அந்த வீட்டில் கிணறு முன்பக்கம், இரண்டாம் அத்தியாயத்திலேயே எழுதியிருக்கிறது, நீ சொல்வது நம் தோட்டத்துக் கிணறு என்றார். எடுத்துப் பார்த்தோம், அவர் சொன்னதுதான் சரி. அவ்வளவு தெளிவாகப் படம் பார்த்த நான் ஆசிரியர் எழுதாத வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் சரியாகப் படிக்கவில்லை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பக்கக்கணக்கில் மலையும் நிலவும் வந்தால் அண்ணன் கூசாமல் தாண்டிவிட்டு, அடுத்து யார் வாயைத் திறக்கிறார்கள் என்று தேடுவார். நீங்களும் தாண்டுங்கள். உரையாடல் மிகுந்த கதைகள், வழக்கு, துப்பு, கடிதங்களாக எழுதிய கதைகள் இவற்றிலிருந்து தொடங்கினால் உங்களுக்குச் சலிக்காது. பேய்க்கதைக்கு மட்டும் காசு செலவழிக்க வேண்டாம்.