ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பி அம்மாவை அனுப்பலாமா?

ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை, அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். எங்கள் அம்மா பன்னிரண்டு வருடமாக அங்கேதான் வாங்குகிறார். ஆனால் ஒரு தடவையாவது மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் அவர்கூட நில்லுங்கள். நீங்களும் என்னைப் போல வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவராகத்தான் இருப்பீர்கள். ஒரு தவறு நடக்கும்வரை நான் ஒருநாள்கூட அங்கே போய் நின்றதில்லை.

அம்மாவுக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் காலையில் மட்டும். இந்தப் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. 'பெரிய வெள்ளை', 'சின்னப் பச்சை', அவ்வளவுதான். அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதையும் தேவைக்கு ஏற்பக் கத்தரித்துக் கொடுப்பதால் பாதிப் பெயர் ஒரு துண்டிலும் மீதி இன்னொருவர் பையிலும் போய்விடும்.

ஒரு மாதம் 1 மில்லிகிராம் ஸ்டாக் இல்லை. 2 மில்லிகிராம் மாத்திரையைக் கொடுத்து, 'பாதி போடுங்கம்மா' என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இடது காது மந்தம். பின்னால் நீள வரிசை, ஒரு குழந்தையின் அழுகை வேறு. கவரில் யாரும் எதுவும் எழுதவில்லை. அம்மா முழுசாகவே போட்டார்.

பத்தாவது நாள் காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, நீராகாரம் மட்டும் குடித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறி, மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்த அக்கா ஒருவர் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்ததால்தான் 108 வரும்வரை நினைவு தப்பவில்லை. சர்க்கரை 46-க்கு இறங்கியிருந்தது. அதே சுகாதார நிலையத்தில்தான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று மறுநாள் வரை படுக்க வைத்துப் பார்த்தார்கள். அம்மாவின் மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டி, அட்டை அட்டையாகப் பார்த்துத் தவறைக் கண்டுபிடித்தவர் அங்கிருந்த நர்ஸ் அம்மாதான். நான் நன்றி மறந்தவன் இல்லை.

சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "பச்சை இல்லாம ரோஸா இருக்கேன்னு அன்னிக்கே பாத்தேன்யா." ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா, டாக்டரையே சந்தேகப்படுறியான்னு வைவாக. அடுத்த மாசமும் அங்கதான போயி நிக்கணும்?"

என் அம்மாவுக்குப் பாதுகாப்பு என்றால் பளிச்சென்ற டைல்ஸ் தரை இல்லை. திட்டு வாங்காமல் ஒரு கேள்வி கேட்க முடிவது. மாறிப்போன மாத்திரையை முதலில் கவனித்தது படிக்காத அவர்தான், பேசத்தான் பயம்.

'தனியாரில் தவறே நடக்காதா' என்று சிலர் வருவீர்கள். நடக்கும். ஆரம்பநிலை மருத்துவத்திலும் புறநோயாளி சிகிச்சையிலும் 10 பேரில் 4 பேர் வரை ஏதோ ஒரு பாதிப்புக்கு ஆளாகிறார்கள், அதில் 80 சதவீதம் வரை தவிர்க்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அது உலகம் முழுவதற்குமான கணக்கு. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால்தான் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு மாதாமாதம் இலவச மாத்திரை கிடைக்கிறது. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். மருந்து கொடுப்பவர் மீதும் கோபமில்லை, ஒற்றை ஆளாக அத்தனை பேருக்கும் எண்ணிக் கொடுக்கிறார். ஆனால் ஒரு பேனாவும் ஒரு நிமிடமும் அவருக்குக் கிடைக்க வேண்டாமா?

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடையிலும் அம்மாவுக்கு இதே கதி. நாற்பது வருடம் களை பிடுங்கிய விரலில் ரேகை தேய்ந்துவிட்டது, மிஷின் எடுப்பதில்லை. ஈரத் துணியில் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்வார்கள். மூன்றாவது தடவைக்குள் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். அரிசி வாங்காமலே திரும்பிய நாளும் உண்டு. தேய்ந்த ரேகைக்கு அவர் ஏன் தலைகுனிய வேண்டும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர் இருந்தால் அவர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்கியதும் அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம். பழைய மாத்திரையையும் புதியதையும் ஒரே டப்பாவில் போட விடாதீர்கள்.

அப்புறம், ஜன்னலில் சொல்ல அம்மாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் பழக்கினேன்: "எனக்குக் காது கேக்காது சார், கவர்ல எழுதிக் குடுங்க." முதல் இரண்டு மாதம் நானே லீவு போட்டுப் பக்கத்தில் நின்றேன். மூன்றாவது மாதம் தனியாகப் போய் வந்து போட்டோ அனுப்பினார். கவரில் பேனாவால் ஒரு சூரியன், அதன் கீழே பாதி வட்டம் வரைந்திருந்தது.